ஈரக் கால், காய்ந்த குச்சி

இதை எழுத வேண்டும் என்று பேனையை எடுப்பதும், பிறகு வேண்டாம் என்று மூடி வைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. முதலில் அந்த மனிதர் உயிரோடு இருந்தார். அவருடைய மனம் நோகும் என்று பயந்தேன். அவர் போன பிறகு, அவருடைய மகள் என்ன நினைப்பாள் என்று பயந்தேன். இன்னொரு பயமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் வாங்கி, ஒரே பாதைப் படகில் ஏறிப் போய் வந்தவர்கள். ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்த காலமும் உண்டு. நான் எழுதுவதை எடுத்து யாராவது தங்கள் பக்கத்துக்கு வளைத்துவிடுவார்களோ என்று தயங்கினேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். காலையில் பிள்ளையாருக்குப் பூ வைத்து, திருநீறு பூசி, ஒரு தேவாரம் படித்துவிட்டு வேலைக்குப் போய் வந்ததுதான் என் வாழ்க்கை. யாராவது வளைத்த எழுத்தைத் திரும்ப நிமிர்த்த எனக்குத் தெரியாது.

இப்போது அந்த மகளே எழுதச் சொல்லிவிட்டாள். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

அப்போது எனக்குத் திருகோணமலைத் துறைமுகத்துத் தச்சுக் கொட்டிலில் வேலை. கப்பலில் இருந்து சாமான் இறக்கும் மரத் தோணிகளைப் பழுதுபார்ப்போம். எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் எதிர்க்கரைக் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். தோணி கட்டிய குடும்பத்தில் வந்தவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில் நான் அவரை நானா என்பேன். அவர் என்னை ‘பாஸ்’ என்பார். நல்ல தச்சனுக்கு ஊரில் சொல்லும் பட்டம் அது. நான் எதையாவது பிழையாக அறுத்த நாளில்தான் அதை உரக்கச் சொல்லுவார்.

கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் தட்டைப் படகுதான் பஸ்ஸையும் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றிக் கடல்வாயைக் கடத்தும். நானா காலையில் சைக்கிளோடு பாதையில் ஏறி வருவார், பின்னேரம் அப்படியே திரும்பிப் போவார். அவர் இறங்கும் நேரத்துக்கு அவருடைய கடைசி மகள் துறையடியில் நிற்பாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த வயது. தூரத்தில் பாதை தெரிந்தால் ஓடத் தொடங்குவாளாம், பாதை கரையில் முட்டும்போது தண்ணீருக்குள் நிற்பாளாம். இதை நானா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் உளியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்லுவார்.

ஒரு நாள் துறைமுகத்துக்குள் இருந்த பழைய பங்களா ஒன்றைத் துப்புரவாக்கினார்கள். வெள்ளைக்காரக் கடற்படைத் துரைமார் குடியிருந்த இடம். உக்கின அலுமாரிகளோடு ஒரு பொம்மை வீடும் வெளியே வந்தது. முன்பக்கம் முழுவதும் கதவு போலத் திறக்கும். உள்ளே மேல்மாடி, கீழ்மாடி, படிக்கட்டு, குசினி எல்லாம் இருந்தன. கதிரை, மேசை என்று ஒரு தளபாடம்கூட இல்லை. மேற்பார்வையாளர், “அடிச்சு உடைச்சு விறகுக்குப் போடுங்கோ” என்றார். நானா உடைக்கவில்லை. துவாயால் துடைத்துச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். பாதையில் நின்றவர்கள் விட்டுவைப்பார்களா?

“என்ன நானா, புதுவீடு குடிபோறீங்களா?”

“ஓம், உங்கட ஊட்ட விடப் பெருசுதான். வாடகைக்கு ஓர் அறை வேணுமா?” என்றாராம்.

அடுத்த நாள் வந்து மகள் சொன்னதைச் சொன்னார். வீட்டைக் கண்டு துள்ளினவள், கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “வாப்பா, வாற ஆக்கள் எதுல இருக்கிற? ஒரு கதிரையும் இல்லையே?” என்று கேட்டாளாம். “வந்த ஆக்கள நிக்க வெக்கக் கூடாது எண்டு உம்மா செல்றவதானே?”

“ஆறு கதிரை செஞ்சு தாறன் எண்டு சொல்லிட்டன், பாஸ்” என்றார் நானா. “நீ துளை, நான் நாக்கு.”

எங்கள் கொட்டிலில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மரத்தில் துளை பொளிந்து, மற்ற மரத்தின் நுனியை நாக்குப் போலச் சீவி, அந்தத் துளைக்குள் இறக்கிப் பூட்டுவோம். அந்த நாக்கைத் தச்சர்கள் கழுந்து என்பார்கள். துளையைப் பொளிபவன் ஒருவன், கழுந்தைச் சீவுபவன் வேறொருவன். இரண்டையும் ஒருவன் செய்ய நானா விடமாட்டார். “ஒரே ஆள் ரெண்டையும் செஞ்சா, துளை கோணலா இருந்தா நாக்கையும் கோணலாச் சீவி ஒளிச்சிடுவான். ரெண்டு பேர் செஞ்சா ஒளிக்க ஏலாது” என்பார். நான் துளைக்காரன், அவர் நாக்குக்காரர்.

“நீ ஒரு துளை அடிக்கிற நேரத்துக்கு நான் ஒரு கப்பல் கட்டிடுவன்.”

“உங்கட நாக்கு எப்பவும் நீளம் நானா. துளைக்குள்ள போனால்தான் அடங்குது.”

இப்படித்தான் எங்கள் கதை போகும்.

கதிரை எவ்வளவு சின்னதென்றால், உள்ளங்கையில் இரண்டு வைக்கலாம். ஆணி அடித்தால் மரம் பிளந்துவிடும். பசை என்றால் அந்தக் காலத்தில் வச்சிரம். அது மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது. நான் சைவன், அதைத் தொடமாட்டேன். நானா சிரித்தார். “உனக்கு மாடு ஆகாது. எனக்கு மாடு ஆகும், ஆனா இந்த மாட்ட ஆர் அறுத்த, எப்பிடி அறுத்த எண்டு தெரியா. விடு பாஸ். மரமே மரத்தப் பிடிக்கட்டும்.”

மரத்தை மரம் பிடிக்கும் விதத்தை நானாவின் குடும்பம் தோணியில் கண்டறிந்திருந்தது. கதிரையின் காலைப் பச்சைப் பூவரசில் செய்ய வேண்டும். நுனியில் நாக்குச் சீவிக் கால்களை இணைக்கும் குறுக்குக் குச்சியை நன்றாகக் காய்ந்த முதிரை மரத்தில் செய்ய வேண்டும். ஈரம் இருக்கும் காலுக்குள் காய்ந்த குச்சியை இறக்கினால், கால் காயக் காயச் சுருங்கிக் குச்சியை நெரித்துப் பிடிக்கும். உள்ளே போன குச்சி காலின் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். பிறகு அதைக் கழற்ற ஒருவராலும் ஏலாது.

அதனால் பொருத்தும் நாள் வரை இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. துளை பொளிந்த கால்களை நான் ஈரச்சாக்கில் சுற்றி, எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்குக் கீழே வைத்தேன். பானையில் கசியும் தண்ணீர் சாக்கை நனைத்துக்கொண்டே இருக்கும். குச்சிகளை நானா ஒரு பிஸ்கற் தகரப் பேணியில் போட்டு, இரவில் தன் வீட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார். காலையில் வேலைக்குக் கொண்டுவருவார், சாப்பாட்டு நேரத்தில் இன்னும் இரண்டைச் சீவுவார். இருக்கைப் பின்னலை என் மனைவி ஏற்றுக்கொண்டாள். மீன்வலை நூலை எடுத்துப் பிரம்புக் கதிரை போலக் கண் கண்ணாகப் பின்னிப் பழகினாள்.

முதல் கதிரைக்கு வேண்டிய துண்டுகள் முடிந்ததும், “இதைப் பொருத்திப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் குடுங்கோவன்” என்றேன். அவர் மறுத்துவிட்டார்.

“ஆறும் ஒண்டா முடியட்டும். நானே கொண்டு போய் என்ட கையால ஊட்டுக்குள்ள வைப்பன். அப்பிடித்தான் புள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கன். வேற ஆரும் வெக்கக் கூடாது எண்டு சத்தியம் வாங்கிட்டா.”

இந்த வார்த்தை என் காதால் கேட்டது. அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் இதில் இருந்துதான் வந்தது.

ஆறு கதிரைக்கும் எல்லாத் துண்டுகளும் தயாராகி, வருகிற வெள்ளிக்கிழமை அவர் தொழுகை முடிந்து வந்ததும் பொருத்துவோம் என்று பேசியிருந்தோம். வெள்ளிக்கிழமைக்கு முன்பே நகரத்தில் பிரச்சினை தொடங்கிவிட்டது. யார் தொடங்கினார்கள், யார் முடித்தார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. கடைகள் எரிந்தன. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கொட்டிலைப் பூட்டினார்கள். பாதை நின்றது. நானா அன்று காலையில் வேலைக்கென்று வெளிக்கிட்டவர், எங்கள் கொட்டிலுக்கு வரவில்லை.

வீட்டுக்குள் இருந்த அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே வேலை அந்தச் சாக்கை நனைப்பது. தண்ணீருக்கே தட்டுப்பாடு. மனைவி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, “பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை, நீங்கள் கதிரைக்காலுக்கு ஊத்துறியளே” என்று ஏசுவாள். ஏசிவிட்டு அவளே ஒரு கை தெளித்துவிட்டுப் போவாள்.

ஊரடங்கை இடையில் தளர்த்துவார்கள். அப்போது கோவிலடியில் நிவாரண அரிசிக்கு வரிசை நிற்கும். அந்த வரிசையில்தான் செய்தி வந்தது. முதல் தரம் ஒருவர் சொன்னார்: “உம்மட கூட்டாளியின்ர சைக்கிள் துறையடியில கிடக்காம்.” அவ்வளவுதான் சொன்னார். அடுத்த தரம் வேறொருவர், “சைக்கிள் கிடக்கு, சீற்றெல்லாம் இரத்தமாம்” என்றார். அதற்கடுத்த தரம், எனக்கு முகமே தெரியாத ஒரு மனிதர், “அந்தத் தோணிப் பாஸ்தானே? சுட்டுப் போட்டாங்கள். கடலுக்குள்ள கிடந்து எடுத்ததாம்” என்றார்.

அரிசி வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். குளித்துவிட்டுப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன். வேறு மதத்து மனிதருக்கு நான் எந்த முறையில் என்ன செய்வது? எங்கள் வீட்டில் ஒருவர் போனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் செய்வதற்கு ஒவ்வொரு நாளும் ஏதோ இருக்கும். இவருக்குச் செய்ய எனக்கு ஒன்றும் இல்லை. பானைக்குக் கீழே அந்தச் சாக்கு மட்டும்தான் இருந்தது.

சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். கால்களில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் நனைத்தால் உக்கிவிடும். காயவிட்டால் துளை இறுகி, பிறகு எந்தக் குச்சியும் பிடிக்காது.

மனைவியிடம், “அந்த மனுசன் பிள்ளைக்குக் குடுத்த வாக்கு அந்தரத்தில நிக்குது. நான் முடிச்சு அனுப்பிவிடப் போறன்” என்றேன்.

அவள் மீன்வலை நூலை எடுத்து வைத்தாள். பிறகு, “செய்யுங்கோ. புண்ணியம்” என்றாள்.

அப்படித்தான் துளையும் நாக்கும் இரண்டையும் நானே செய்தேன். காய்ந்த முதிரைத் துண்டு வீட்டில் இருந்தது. சீவி, அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து வாட்டினேன். பூஞ்சணத்தைத் துடைத்து, ஒவ்வொரு குச்சியாக இறக்கினேன். அவர் சொன்னது சரி. ஓரிரு துளைகள் கோணல், அதற்கு ஏற்ப நாக்கையும் கோணலாகச் சீவினேன். வெளியே ஒன்றும் தெரியாது. இறுக்கம் போதாது என்று தோன்றிய இடத்தில் மூங்கில் சிராயால் குறுக்கே ஆணியும் வைத்தேன். நிழலில் காயக் காயக் கால்கள் குச்சிகளை நெரித்துப் பிடிப்பதை விரலில் உணர முடிந்தது. மனைவி இருக்கை பின்னினாள். பின்னும்போது அழுதாள். ஆறு கதிரைகளையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும்: அவ்வளவு கவலைக்குள்ளும், நல்ல வேலை என்று என் மனம் சந்தோஷப்பட்டது.

ஒரு சப்பாத்துப் பெட்டி இருந்தது. அதற்குள் கொஞ்சம் திருநீறு வைப்போமா என்று நினைத்தேன். அவர்களுக்கு ஆகாது என்று வைக்கவில்லை. அவ்வளவு தூரம் யோசித்தேன். பிறகு, கோவிலுக்குக் கொடுப்பதை வெறும் கையில் கொடுக்காத வழக்கத்தில், புது வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, வெள்ளைத் துணியில் ஆறையும் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

பாதை திரும்பவும் ஓடத் தொடங்கியபோது எருமைத் தயிர் கொண்டு வரும் ஒரு வியாபாரி நகரத்துக்கு வந்தார். கிண்ணியாவுக்கு அப்பால் உள்ளவர், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவோம். அவரிடம் கேட்டேன்.

“நான் அந்தத் தெருப் பக்கம் போய்க் கன நாள், தம்பி” என்றார். “ஆனா நானும் அப்பிடித்தான் கேள்விப்பட்டன். டவுன்ல இருந்து வந்த ஆக்கள்தான் சொன்னாங்க.”

டவுனில் இருந்து போன கதைதான் திரும்பி டவுனுக்கு வந்திருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டு பக்கமும் சொல்கிறார்களே, உண்மைதான் என்று எடுத்துக்கொண்டேன். பெட்டியைக் கொடுத்தேன்.

“அவங்க கேட்டா என்ன செல்ற?”

“ஒண்டும் சொல்ல வேண்டாம், காக்கா. பிள்ளையின்ர கையில குடுங்கோ. அது காணும்.”

சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்த ஆமிக்காரன் கதிரைகளை மண்மூட்டைமேல் வரிசையாக அடுக்கி, மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தானாம். பிறகு அவனே துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தானாம். தயிர்க்காரர் அடுத்த முறை வந்தபோது இதைச் சொன்னார். பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னார். தயிர் வெயிலில் நிற்கிறது என்று அவர் உடனே திரும்பிவிட்டாராம். பெட்டியைத் திறக்கும் வரைக்கும் நிற்கவில்லை.

சில மாதங்கள் போயின. ஒரு முற்பகல், வீட்டுப் படலைக் கதவில் யாரோ தட்டினார்கள். மனைவி போய்ப் பார்த்தாள். “ஐயோ பிள்ளையாரே” என்று கத்தியது கேட்டு ஓடினேன். படலைக்கு அந்தப் பக்கம் நானா நின்றார். மெலிந்து, தாடி வளர்ந்து, சேட்டுத் தோளில் தொங்கியது.

“பயப்படாதீங்க தங்கச்சி” என்றார். “காலப் பாருங்க, நெலத்துலதான் இரிக்கு.”

அவள் சத்தமாக அழுதாள். நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

“என்ன பாஸ், என்னய மவுத்தாக்கி, கதிரையும் செஞ்சு அனுப்பிட்டாய்?” மவுத்து என்றால் அவர்கள் பேச்சில் மரணம்.

தேத்தண்ணி குடித்தபடி நடந்ததைச் சொன்னார். பிரச்சினை தொடங்கிய அன்று காலையில் அவர் பாதையால் இறங்கி நகரப் பக்கத் துறையடியில் நின்றிருக்கிறார். நகரத்தில் புகை எழும்புவதைக் கண்டு சனம் கலைந்தது, வீட்டுக்குத் திரும்பப் பாதையும் நின்றுவிட்டது. உறவுக்காரர் சிலர் மீன்பிடி வள்ளத்தில் வடக்கே வெளிக்கிட, இவரையும் இழுத்து ஏற்றிவிட்டார்கள். சைக்கிளை விட்டுவிட்டு, பிஸ்கற் பேணியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். புல்மோட்டைப் பக்கம் கரையேறினார்கள். அங்கே மலேரியாக் காய்ச்சல் விழுத்திவிட்டது. எழும்பி நடக்கவே மாதக்கணக்கானது. செய்தி அனுப்ப வழியில்லை.

“ஊட்ட என்ட பொண்டாட்டி நம்பிக்கையாத்தான் இருந்திருக்கா. சைக்கிள் கிடக்கு எண்டு வந்து சொன்ன ஆக்கள்ட்ட, ‘சைக்கிள்தானே கிடக்கு, ஆள் எங்கயோ நல்லா இருக்கார்’ எண்டு சொல்லியிருக்கா. ஆர் என்ன சொல்லியும் அசையல்ல.” தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “அதுக்குப் பொறகுதான் உன்ட பெட்டி வந்த.”

மகள் துள்ளிக்கொண்டு பெட்டியைத் திறந்தாளாம். வெள்ளைத் துணியைக் கண்டதும் தாய் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டாள். அவர்களிடத்தில் மையித்தை, இறந்த உடலை, பொதிவது புதுத் துணியில், வெள்ளைத் துணியில். பிள்ளை துணியைப் பிரித்தாள். ஆறு கதிரை. தன் கையால்தான் வைப்பேன் என்று சத்தியம் செய்த மனிதர் இல்லாமல், கதிரை மட்டும் முழுதாக வந்திருக்கிறது. தாய் அந்த இடத்திலேயே இருந்துவிட்டாள். அடுத்த நாள் வெள்ளை உடுத்து, புருசனை இழந்த பெண்கள் திரைக்குப் பின்னால் இருக்கும் இத்தாவில் இருந்துவிட்டாள். ஊரார் வாயால் சொல்லி அவள் நம்பாததை, நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நம்பவைத்துவிட்டேன்.

“நான் ஊட்ட போறன், அவ திரைய இழுத்து மூடுறா” என்றார் நானா. “என்ட பொண்டாட்டிக்கே நான் அந்நிய ஆம்பிளை, பாஸ்.” இதைச் சொல்லிச் சிரித்தார். எங்களுக்குச் சிரிக்க முடியவில்லை. “அவ பொறகு அழுது, சிரிச்சு, நோன்பு நேந்து, எல்லாம் சரியாப் போச்சு. புள்ளதான்…”

மகள் அவரிடம் வரவில்லையாம். கதவு மூலையில் நின்று பார்த்தாளாம். கதிரைகளை அவள் அந்தப் பொம்மை வீட்டுக்குள் ஒருநாளும் வைத்திருக்கவில்லை. வேலி ஓரத்தில், மழையிலும் வெயிலிலும் கிடக்க வெளியே வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “அது மவுத்தான வாப்பாட கதிரை” என்றாளாம்.

அவர் ஒரு பையில் அந்தப் பெட்டியையும், தன்னுடைய பிஸ்கற் பேணியையும் கொண்டுவந்திருந்தார். பேணியைத் திறந்தார். காய்ச்சலிலும் அலைச்சலிலும் கைவிடாமல் வைத்திருந்த குச்சிகள். ஒவ்வொன்றின் நுனியும் அளவாக, நேராகச் சீவப்பட்டிருந்தது. என் கோணல் நாக்குகள் ஞாபகம் வந்து நான் தலையைக் குனிந்தேன்.

“உன்ட குச்சியக் கழட்டி எடுத்துட்டு, என்ட குச்சியப் போட்டுத் தா. நான் கொண்டு போய் என்ட கையால வைக்கிறன். இதுதான் உயிரோட இருக்கிற வாப்பா செஞ்ச கதிரை எண்டு சொல்றன். அவ நம்புவா.”

அவர் கேட்டது அது ஒன்றுதான்.

இருவரும் முற்றத்தில் இருந்து முயன்றோம். வெயிலில் வைத்தோம். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தோம். துணி சுற்றி இழுத்தோம். மழையில் கிடந்தும் வெயிலில் கிடந்தும் ஒரு குச்சிகூட அசையவில்லை. “நல்லாத்தான் பூட்டியிருக்காய்” என்றார். இந்த முறை ‘பாஸ்’ என்று சொல்லவில்லை. நான் இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். கால் நெடுக்கே பிளந்தது. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“விடு. பெட்டி இங்கயே இரிக்கட்டும். வேற கால் செய்வம்.”

செய்வோம் என்றுதான் இருவரும் நினைத்தோம். நான் பச்சைப் பூவரசு வெட்டி, புதிதாகக் கால் சீவி, துளை பொளிந்து, சாக்கில் சுற்றிப் பானைக்குக் கீழே வைத்தேன். அது முடிவதற்குள் அடுத்த பிரச்சினை வந்தது. கொட்டில் திரும்பத் திறக்கவில்லை. நாங்கள் பிள்ளைகளோடும் அந்தக் கதிரைப் பெட்டியோடும் கொஞ்சக் காலம் வேறு இடத்தில் இருந்தோம். திரும்பி வந்தபோது பானையும் இல்லை, சாக்கும் இல்லை. நானா கூலிக்குத் தோணி கட்ட வேறு கரைகளுக்குப் போய்விட்டார். எப்போதாவது சந்தையில் காண்போம். “புள்ளைக்கு இப்ப கதிரை வேணாமாம், வளந்துட்டா” என்று ஒருநாள் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். பிறகு அந்தக் கதையை இருவரும் எடுக்கவில்லை.

பாலம் வந்த பிறகுதான் நான் அவருடைய வீட்டுக்கு முதல் தடவை போனேன். அவர் அப்போது இல்லை. வயதாகி, தன் கட்டிலில், தன் ஆட்களுக்கு நடுவில் போய்விட்டிருந்தார். எனக்கு ஏழெட்டு நாள் பிந்தித்தான் தெரியவந்தது. இந்த முறை நானே நேரில் போய்க் கேட்டறிந்தேன்.

மகள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என்னை யாரென்று சொன்னதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, “இருங்க சாச்சா” என்று சித்தப்பா முறை சொல்லிக் கதிரையை முன்னால் போட்டாள். நான் இருக்கத் தயங்கியதைக் கண்டுகொண்டாள் போல. அவளே அதைத் தொடங்கினாள்.

“வாப்பா உங்களோட கோவப்பட்டதே இல்ல, சாச்சா. நான்தான் அவர வருத்தப்படுத்திட்டன்.”

“நீங்கள் சின்னப் பிள்ளை, மகள்.”

“அவர் திரும்பி வந்த பொறகு, பின்னேரத்துல பாதை வரக்குள்ள நான் துறையடிக்குப் போறத்த விட்டுட்டன். பயம். ஓடிப் போய்ப் பார்த்தா அவர் அதுக்குள்ள இருக்கமாட்டாரோ எண்டு பயம். அவர் தனிய இறங்கி நடந்து வருவார். ஒருநாளும் ஏன் வரல்ல எண்டு கேக்கல்ல. எனக்குக் கவலை அதுதான். கதிரை இல்ல.”

பிஸ்கற் பேணியை எடுத்துவந்து காட்டினாள். குச்சிகள் அப்படியே இருந்தன. பொம்மை வீடு எப்போதோ கறையான் அரித்துப் போய்விட்டதாம். புறப்படும்போது, “நீங்க இத எழுதி வைங்க, சாச்சா” என்றாள். “என்ட பிள்ளைகளுக்கு ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு மாதிரிச் சொல்றாங்க. அந்த நேரம் வாப்பாவ ஆமி சுட்டுக் காயமாம் எண்டு ஒரு ஆள், இயக்கம் சுட்டுக் காயமாம் எண்டு ஒரு ஆள். அவர் காய்ச்சல்ல படுத்துக் கிடந்த மனுசன்.”

அந்த ஆறு கதிரைகளும் என்னிடம்தான் இருக்கின்றன. சாமி அறை அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். காலையில் பூ எடுக்கக் குனியும்போது கண்ணில் படும். பிளந்த காலை நூலால் கட்டியிருக்கிறேன். மற்றவற்றில் ஒரு மூட்டுக்கூட இத்தனை வருடத்தில் இளகவில்லை. நான் செய்த வேலைகளில் இதைப் போல இறுகிப் பிடித்தது வேறொன்றும் இல்லை. கொஞ்சம் இளக்கமாகச் செய்திருக்கக் கூடாதா, இன்னும் கொஞ்ச நாள் அந்தச் சாக்கை நனைத்திருக்கக் கூடாதா என்று பிள்ளையாருக்கு முன்னால் நின்று கேட்கிறேன். உக்கினால் உக்கியிருக்கட்டுமே. பூவரசு எந்த வேலியிலும் இருக்கிறது. துறையடிக்கு ஓடிவரும் பிள்ளை அவருக்கு அவள் ஒருத்திதான்.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை வேறு யாருக்கும் சொல்வதென்றால், இதில் உள்ளபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்கவும் வேண்டாம், கெட்டவனாக்கவும் வேண்டாம். எந்தப் பக்கத்தின் தலையிலும் எதையும் போட வேண்டாம். சைக்கிள் துறையடியில் கிடந்தது என்றால், சைக்கிள் கிடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.